முப்பத்தெட்டு இஞ்ச் பெல்ட்

பெல்ட் அறுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு. அன்று சாயங்காலத்துக்குள் நெய்வேலி டவுன்ஷிப்பில் பாதிப் பேர் அதைத் தங்கள் போனில் பார்த்துவிட்டார்கள்.

பிரபாவதிக்கு முப்பத்தொரு வயது. டவுன்ஷிப் ஸ்டேஷன் ஒன்றில் சப்-இன்ஸ்பெக்டர். சொந்த ஊர் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில். அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்திலிருந்து பரீட்சை எழுதி நேரடியாக எஸ்.ஐ. ஆனவள். ஒல்லியான உடம்பு, இடுப்பு இருபத்தெட்டு இஞ்ச். ஸ்டோரில் அவளுக்குக் கொடுத்த பெல்ட் முப்பத்தெட்டு.

அந்தப் பெல்ட்டில் அவள் சுமக்க வேண்டியது கொஞ்சமல்ல. குண்டு நிரப்பிய பிஸ்டல், அதன் உறை, இன்னொரு மேகஸின், கைவிலங்கு, வாக்கி-டாக்கி, டார்ச். எல்லாம் சேர்த்து மூன்று கிலோ வரும். பெல்ட் நின்ற இடத்தில் நிற்காது. ஜீப்பில் ஏறி இறங்குவதற்குள் வலப்பக்கத்துப் பிஸ்டல் முதுகுக்குப் போய்விடும். மிச்சமிருந்த பத்து இஞ்ச் வாரை மடித்து உள்ளே செருகிக்கொள்வாள். அது விலாவில் குத்தும்.

வேறு அளவு கேட்டு மூன்று முறை எழுதினாள். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு வந்தது: "பெண் காவலர்களுக்கான அளவு கையிருப்பில் இல்லை. தேவையான இடத்தில் கூடுதல் துளையிட்டு உபயோகித்துக் கொள்ளவும்." கீழே கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். அவள் ஆணியைச் சூடாக்கித் துளை போட்டுக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பஜார் முனையில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே குவார்ட்டர்ஸ் தெருவில் சின்னம்மாள் என்ற துப்புரவுத் தொழிலாளி வேப்பஞ்சருகைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது, காண்ட்ராக்ட் வேலை. பைக்கில் வந்த இருவரில் பின்னால் இருந்தவன் குனிந்து சின்னம்மாளின் கழுத்துச் செயினைப் பிடித்து இழுத்தான். செயின் கையோடு வந்தது. பைக் சருகுக் குவியலில் ஏறிச் சறுக்கியது. பின்னால் இருந்தவன் விழுந்தான். ஓட்டியவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்துவிட்டான்.

விழுந்தவன் எழுந்து குவார்ட்டர்ஸ்களுக்கு நடுவே ஓடினான். பிரபாவதி துரத்தினாள்.

இரண்டு வேலியைத் தாண்டினாள். மூன்றாவதைத் தாண்டும்போது இடுப்பில் சடக்கென்று ஒரு சத்தம். ஆணியால் போட்ட துளையிலிருந்து பெல்ட்டின் ஓரம்வரை கிழிந்து பக்கிள் நழுவியது. மூன்று கிலோவும் தொடை வழியாகச் சரிந்து முழங்காலில் மாட்டியது. குப்புற விழுந்தாள். உறை சிமெண்ட் தரையில் டங்கென்று மோதியது. ஆனால் உறையின் மூடி திறக்கவில்லை. பிஸ்டலைத் தோளோடு இணைக்கும் கயிறும் அறுந்துபோகவில்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் இடது கையால் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி ஓடினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். செயின் அவன் உள்ளங்கையில் இருந்தது.

மாடியிலிருந்து யாரோ எடுத்த வீடியோ பதினொரு விநாடி. அவள் விழுவதும், உறை தரையில் மோதுவதும், அவள் வாரிக்கொள்வதும். அவ்வளவுதான். திருடனைப் பிடித்தது அதில் இல்லை. "துப்பாக்கியைக் கீழே போட்ட லேடி எஸ்.ஐ." என்று தலைப்பு. கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக. "கரண்டி பிடிக்கிற கைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்கு அறுநூறு பேர் லைக் போட்டிருந்தார்கள்.

அது போகட்டும், ஊர் வாய் என்று விட்டிருப்பாள். ஆனால் புதன்கிழமை காலையில் மேஜைமேல் குறிப்பாணை இருந்தது. "அரசு உடைமையான கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் அஜாக்கிரதையாகக் கீழே விழச் செய்து, காவல் துறையின் மாண்புக்குக் குந்தகம் விளைவித்தது குறித்தும், அரசு உடைமையான பெல்ட்டில் தன்னிச்சையாகத் துளையிட்டுச் சேதப்படுத்தியது குறித்தும் ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்."

தன்னிச்சையாக. அந்த வார்த்தையை மூன்று தடவை படித்தாள்.

இன்ஸ்பெக்டர் ஜெயராமனிடம் போனாள். ரிட்டயராக இன்னும் நாலு வருடம் இருக்கிற மனிதர். யாரோடும் சண்டை வேண்டாம் என்பவர்.

"சார், செயினைப் பிடிச்சுக் குடுத்ததுக்கு ஒரு வரி இல்ல. இதுக்கு மெமோவா?"

"அட, ஃபார்மாலிட்டிம்மா. வீடியோ மேல வரைக்கும் போயிடுச்சு. 'தவறு நிகழ்ந்துவிட்டது, மன்னிக்கவும்'னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. நான் பேசி முடிச்சுடறேன்."

"என் தவறு என்ன சார்?"

"துப்பாக்கி விழுந்துச்சா இல்லையா?"

"உறையை விட்டு வெளியவே வரல. அறுந்தது பெல்ட்டு. துளை போடச் சொன்னது ஸ்டோரு. லெட்டர் வச்சிருக்கேன்."

ஜெயராமன் பேனாவை மூடினார். "பாருங்க, பொம்பளைங்களுக்கு உடம்பு வாகு அப்படி. இடுப்புல நிக்காது. ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. பந்தோபஸ்து இல்லாத நாள்ல ஹேண்ட்பேக்ல வச்சுக்கலாமே?"

பிரபாவதி சல்யூட் அடித்து வெளியே வந்தாள். பேசியிருந்தால் அது இரண்டாவது மெமோவாகியிருக்கும்.

அன்று மதியம் சிவில் உடையில் வடலூருக்குப் பஸ் ஏறினாள். நல்லசாமி என்பவரின் யூனிஃபார்ம் கடை அங்கே பேர்போனது. ஷூ, தொப்பி, பெல்ட் எல்லாம் கிடைக்கும். வழியில் மளிகைக் கடையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் மூன்று வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். பிஸ்டலைக் கடையில் எடுத்து வைத்துச் சோதிக்க முடியாதே.

"வாங்க மேடம். சாருக்கா? என்ன சைஸு?" என்றார் நல்லசாமி.

"எனக்கு."

"ஓ, சுடிதார் மேல போடற மாதிரியா? மெல்லிசா, முத்து வச்சு வந்திருக்கு, காட்டட்டுமா?"

"பிஸ்டல் மாட்டற பெல்ட். ரெண்டு இஞ்ச் அகலம். இருபத்தெட்டு சைஸு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் உள்ளே போய் நாலு பெல்ட் கொண்டுவந்து போட்டார். முதலாவது நைலான். மண்டையோட்டுப் பக்கிள் வைத்தது. உப்புப் பையை அதில் மாட்டி இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கினாள். பை தொங்கிய இடத்தில் பெல்ட் கயிறு மாதிரி சுருண்டது. இப்படிச் சுருண்டால் உறை வெளிப்பக்கம் சாயும். அவசரத்துக்குக் கை போகும் இடத்தில் பிஸ்டல் இருக்காது. தள்ளிவைத்தாள். இரண்டாவது விறைப்பாக இருந்தது, ஆனால் ஒன்றேகால் இஞ்ச்தான் அகலம். உறையின் வளையத்துக்குள் லொடலொடவென்று ஆடும். மூன்றாவதின் பக்கிள் ஊசி, விரலால் அழுத்தினாலே வளைந்தது.

நாலாவது பார்க்க அசலாக இருந்தது. அரக்கு நிறம், பளபளப்பு, ஓரத்தில் தையல்.

"ப்யூர் லெதர் மேடம். உங்க ஆளுங்க போட்டிருக்கறதும் இதே சரக்குதான்."

பிரபாவதி அதை முன்னும் பின்னுமாக நாலு முறை மடக்கினாள். ஐந்தாவது முறை மேல்தோல் விண்டது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. நகத்தால் நிமிண்டினாள். நோட்டுப் புத்தகத்தின் அட்டை போலப் பொடிந்து உதிர்ந்தது.

"இது என்ன?"

"மேல லெதர்தாங்க."

"உள்ள?"

"உள்ள யாரு மேடம் பாக்கறாங்க?"

கடையில் நின்ற ஒரு வாடிக்கையாளர் வாயைப் பொத்திக்கொண்டார். பிரபாவதி உப்புப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அறுந்த பெல்ட்டை எடுத்துக் கிழிசலை வெளிச்சத்தில் பார்த்தாள். அதே சாம்பல் நிறம். அதே அட்டை. மேலே காகிதக் கனத்தில் தோல், கீழே ரெக்ஸின், நடுவே அட்டை, எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது பசை. இந்த அட்டையை நம்பித்தான் மூன்று வருடமாக பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறாள். நெரிசலில் நின்றிருக்கிறாள். கூட்டத்தில் எவனாவது ஒருவன் இழுத்திருந்தால் பிஸ்டல் அவன் கையில். சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. தாடை வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் ஸ்டேஷனின் பெண்கள் ஓய்வறையில் கான்ஸ்டபிள் எழில்மதியிடம் சொன்னாள். எழில்மதி பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பி எட்டு மாதம்தான் ஆகிறது. சிசேரியன். கேட்டுக்கொண்டே சட்டையைத் தளர்த்தி பெல்ட்டைக் கழற்றினாள். பெல்ட்டுக்கு அடியில் மடித்து வைத்த கைக்குட்டைத் துண்டு.

"என்னடி இது?"

"தையல் போட்ட எடத்துலயே குத்துது மேடம். ஜீப்புல உக்காந்தா உயிர் போவுது. துண்டு வச்சா கொஞ்சம் பரவால்ல."

"எத்தினி நாளா?"

"டியூட்டிக்கு வந்ததுலேர்ந்து."

"சொல்லக் கூடாதா?"

"யார்கிட்ட மேடம் சொல்றது?" என்றாள் எழில்மதி. குறை சொல்கிற குரலில்கூட இல்லை. மழை பெய்கிறது என்கிற மாதிரி சொன்னாள். பிரபாவதிக்கு மெமோவைவிட அந்தக் குரல்தான் தாங்கவில்லை.

மந்தாரக்குப்பத்தில் ஒரு ஷெட் இருப்பதாகச் சொன்னதும் எழில்மதிதான். அவள் கணவன் பாய்லர் மேல் ஏறுகிற காண்ட்ராக்ட் தொழிலாளி. அவனுடைய சேஃப்டி பெல்ட் அங்கே தைத்தது. இருவரும் ஷிப்ட் முடிந்து போனார்கள். தகரக் கூரைக்குக் கீழே எட்டு கனத்த தையல் மெஷின்கள் ஓடின. கம்பம் ஏறுகிறவர்களுக்கும் உயரத்தில் வெல்டிங் செய்கிறவர்களுக்கும் இடுப்பு வார், கருவிப் பை, தோல் கையுறை. நடத்துகிறவர் விஜயலட்சுமி. ஐம்பது வயதிருக்கும், தலையில் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தார்.

பிரபாவதி அறுந்த பெல்ட்டைக் காட்டினாள். விஜயலட்சுமி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "த்தூ" என்றார். "இதை ஒருத்தன் கட்டிக்கினு கம்பம் ஏறியிருந்தா மறுநாள் சுடுகாட்டுல பால்தான். எங்க சரக்குல இப்படி இருந்தா என்னை உள்ள வச்சிருப்பீங்க."

பிறகு அவர் செய்தது எந்த ஸ்டோரும் செய்யாதது. யூனிஃபார்மோடு நிற்க வைத்து இடுப்பை அளந்தார். உட்கார வைத்து அளந்தார். குனியச் சொன்னார்.

"எந்தக் கையால எடுப்பீங்க?"

"வலது."

"வண்டியில உக்காந்தா எங்க இடிக்குது?"

"இடுப்பு எலும்புல. இங்க."

"அப்ப நேர்வார் ஆவாது. உங்க இடுப்பு மேல குறுகி கீழ விரியுது. வாரைக் கொஞ்சம் வளைச்சு வெட்டணும். உள்ள ஒரு மெல்லிசு பெல்ட்டு பேன்ட்டோட கெடக்கும். மேல பெரிய பெல்ட்டு. ரெண்டையும் நாலு எடத்துல சின்ன பட்டியால புடிச்சுட்டா, எவ்ளோ ஓடினாலும் நவுராது."

என்ன போட்டுத் தைப்பது என்பதில்தான் நேரம் போயிற்று. ஒற்றைத் தோல் நாளடைவில் தொய்யும் என்றார். வெறும் நைலான் வெயிலில் வழுக்கும். கடைசியில் கம்பம் ஏறுகிறவர்களுக்குப் போடுகிற நெசவு வார் இரண்டு அடுக்கு, நடுவே வளையாத பிளாஸ்டிக் தகடு, மேலே யூனிஃபார்ம் நிறத்தில் எருமைத் தோல், நாலு வரிசைத் தையல், இரட்டை ஊசிப் பக்கிள் என்று முடிவானது. மூன்றாம் நாள் தைத்துக் கொடுத்தார். பிரபாவதி உப்புப் பையை மாட்டினாள். பெல்ட் அசையவில்லை. விஜயலட்சுமி அதைக் கூரைக் கொக்கியில் மாட்டி ஒரு வேலையாளைத் தொங்கச் சொன்னார். அவன் தொங்கி ஆடிக் காட்டினான். எழில்மதிக்கு அடிவயிற்றைத் தொடாமல் முன்பக்கம் இறக்கி வெட்டினார்.

புதுப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, விளக்கத்தையும் எழுதிக்கொண்டு பிரபாவதி ஸ்டேஷனுக்குப் போனாள். விளக்கத்தில் மன்னிப்பு என்ற சொல்லே இல்லை. மூன்று கடிதங்களின் நகல், துளையிடச் சொன்ன பதில், நீளவாக்கில் வெட்டிய பழைய பெல்ட், எல்லாம் இணைப்பு.

ஜெயராமன் முதலில் பார்த்தது இடுப்பைத்தான். "இது டிபார்ட்மெண்ட் பெல்ட் இல்லையே. வெளியில தச்சதெல்லாம் போடக் கூடாதும்மா."

"எழுதிக் குடுங்க சார். பழசையே போடணும்னு உங்க கையெழுத்தோட. போட்டுக்கறேன்."

அவர் எழுதவில்லை. டி.எஸ்.பி.க்கு அனுப்பினார்.

விசாரணை அடுத்த வெள்ளிக்கிழமை. டி.எஸ்.பி. இளம் வயது, ஆறு மாதமாகத்தான் இந்தப் பக்கம். கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வெளியே சத்தம் கேட்டது. சின்னம்மாள் துடைப்பத்தோடு வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. எழில்மதி சொல்லித்தான் தெரியுமாம்.

"உள்ள வுடுங்க. நா பாத்தவ. நா சொல்லாம யாரு சொல்றது?"

டி.எஸ்.பி. உள்ளே விடச் சொன்னார்.

"ஐயா, என் வூட்டுல இருந்த ஒரே நகை அது. அறுத்துகினு ஓடினான். பஜாரு முழுக்க ஆம்பளைங்க நின்னுகினு இருந்தாங்க. ஒருத்தன் அசையல. ஒருத்தன் மாடியில நின்னுகினு போன்ல புடிக்கறான். இந்தப் பொண்ணு வுழுந்துச்சு, முட்டி பேந்துச்சு, துப்பாக்கியை மாரோட அணைச்சுகினு ஓடிச்சு. அந்தப் பக்கம் வந்து பாத்தவ நாந்தான். அவன் சட்டையை வுடல. இதுக்குப் போயி கேள்வி கேக்கறீங்களாமே? எங்க காண்ட்ராக்டரு இப்படித்தான். அவன் குடுக்கற கையுறை ஓட்டையா இருக்கும், கையில கண்ணாடி குத்துனா 'நீ ஏன் பாத்து அள்ளல'ம்பான். இங்கயும் அதே ஞாயந்தானா?"

டி.எஸ்.பி. வெட்டிய பெல்ட்டைக் கையில் எடுத்து அட்டையைத் தடவினார்.

"இருந்தாலும் மத்தவங்க எல்லாம் இதே பெல்ட்டைத்தான போடறாங்க? அவங்களுக்கு அறுந்துபோகலையே?" என்றார்.

பிரபாவதி இதற்குத் தயாராக வரவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற ஜெயராமனின் இடுப்பு கண்ணில் பட்டது. கெட்டித் தோல், பித்தளைப் பக்கிள், அழகான தையல்.

"இன்ஸ்பெக்டர் சார்," என்றாள், "நீங்க போட்டிருக்கறது ஸ்டோர்ல குடுத்ததா?"

ஜெயராமனின் கை தன்னையறியாமல் பக்கிளைத் தொட்டது.

"சொல்லுங்க," என்றார் டி.எஸ்.பி.

"இல்ல சார். கடலூர்ல சொல்லி... நம்ம ஸ்டேஷன்ல எல்லாரும்... அது நிக்காது சார், ஸ்டோர் சரக்கு."

"எல்லாருக்கும் தெரியும்," என்றாள் பிரபாவதி. "நிக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும் சார். சத்தம் போடாம வெளிய வாங்கிக்கறாங்க. நான் முறைப்படி கேட்டேன். மூணு தடவை எழுதிக் கேட்டேன். கேட்டவளுக்கு மெமோ. எழில்மதி ஆபரேஷன் பண்ண வயித்துல துண்டை வச்சுகிட்டு எட்டு மாசமா டியூட்டி பாக்குது. இதுல அஜாக்கிரதை யாருது சார்?"

டி.எஸ்.பி. வெகுநேரம் எழுதினார். "நீங்க போகலாம்," என்றார். வெளியே சின்னம்மாள் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "வேல நேரம், மேஸ்திரி கத்துவான்," என்று வேகமாக நடந்தார்.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. ஜெயராமனே எடுத்துவந்து கொடுத்தார். "முடிஞ்சுது போங்க," என்றார். உண்மையாகவே அவருக்கும் நிம்மதி.

"விளக்கம் ஏற்கப்பட்டு மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது. எதிர்காலத்தில் கவனமாக இருக்குமாறு எச்சரிக்கப்படுகிறார்."

பிரபாவதி படித்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை இழுத்தாள்.

"என்னம்மா எழுதறீங்க?"

"அப்பீல். ரெண்டாவது வரியை எடுக்கச் சொல்லி."

"அது சும்மா வழக்கமா போடறதும்மா."

"என் சர்வீஸ் புக்குல இருவத்தொம்பது வருஷம் கெடக்கும் சார், அந்த வழக்கம்."

ஜெயராமன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "மெமோ நம்பர் தப்பில்லாம போடுங்க, அதைச் சாக்கா வச்சுத் திருப்பிடுவாங்க," என்றார்.

அப்பீல் போய் நாற்பது நாள் பதில் இல்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பினாள். அறுபத்திரண்டாவது நாள் இரண்டாவது வரி நீக்கப்பட்டதாக ஒரு துண்டுக் காகிதம் வந்தது. வருத்தம் என்று ஒரு சொல் அதில் இல்லை. அதே தபாலில் எல்லா ஸ்டேஷனுக்குமான சுற்றறிக்கையும் இருந்தது. பெண் காவலர்கள் தத்தம் இடுப்பளவைத் தெரிவிக்க வேண்டுமாம். இணைத்திருந்த படிவத்தில் அளவு முப்பத்திரண்டிலிருந்து தொடங்கியது.

எழில்மதி அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பிரபாவதி முப்பத்திரண்டுக்கு மேலே ஸ்கேல் வைத்து நாலு கட்டம் புதிதாக வரைந்தாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று என்று எழுதினாள். முதல் கட்டத்தில் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டுப் படிவத்தை எழில்மதியின் பக்கம் தள்ளினாள்.

"எழுது. மொத்தமா நாமளே கொண்டுபோய்க் குடுத்து, வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து வாங்கிட்டு வரலாம்."